ஆயாவின் தட்டில் யாருடைய புண்ணியம்?



சில மாதங்களுக்கு முன், விழுப்புரம் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். எங்கள் தோழர் ஒருவருடைய அப்பாவின் நினைவுநாள். அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடு போடலாம் என்று பேசி முடிவெடுத்திருந்தோம். அப்பாவுக்குக் கோழிக்குழம்பு என்றால் உயிர். அதனால் முன்கூட்டியே போன் போட்டு, "கோழிக்குழம்பும் ஆளுக்கு ஒரு முட்டையும் கொண்டுவரலாமா" என்று கேட்டோம். மேலாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "இங்க சைவம் மட்டும்தாங்க. வடை பாயாசத்தோட போடுறதுன்னா ஒரு வேளைக்கு இவ்வளவு ஆகும். நீங்க பணத்தைக் கட்டிடுங்க, நாங்களே செஞ்சிடுறோம்."

கட்டினோம், போனோம், பரிமாறினோம். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம், பாயாசம். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய், "பிடிக்கலையா ஆயா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் இல்ல கண்ணு. நல்லாத்தான் கீது. தெனம் இதேதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், எங்கள் தோழியின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, தணிந்த குரலில் சொன்னார்: "மறுக்கா வரச்சொல்ல ஒரு கை நெத்திலிக் கருவாடு எடுத்தாரியா? துணிக்குள்ள சுருட்டி வெச்சினு வா. யாருக்கும் தெரியாம வாயில போட்டு சப்பிக்கிறேன்."

நாற்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பிடுங்கி, கதிர் அறுத்தவர். பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள். கருவாடு என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்ட உணவு. அதை இன்று கள்ளச்சாராயத்தைக் கேட்பதுபோல் ஒளிந்து ஒளிந்து கேட்கிறார். "நாங்க ஆபீஸ்ல பேசட்டுமா ஆயா?" என்று கேட்டதும் பயந்துவிட்டார். "கேட்டுடாத கண்ணு. என்னைத் தொரத்திட்டா நான் எங்க போவேன்?"

அதனால்தான் அந்த இல்லத்தின் பெயரையும் ஆயாவின் அடையாளத்தையும் நாங்கள் எழுதவில்லை. இந்த வழக்கம் அந்த ஒரு இல்லத்தோடு முடிவதும் இல்லை. பல இடங்களில் "சைவ உணவு மட்டும்" என்ற வரி விளம்பரப் பலகையிலேயே, பெருமையாக, "அமைதியான சூழல், மருத்துவ வசதி" என்பதற்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் அதை நின்று படிப்பதில்லை. நாம் நின்று படிக்கவேண்டும்.

தட்டை நிரப்புவது யார்?

இல்லங்களில் சமையல் எப்படி முடிவாகிறது என்று விசாரித்துப் பாருங்கள். நன்கொடையில் நடக்கும் பெரும்பாலான இல்லங்களில் ஒரு நாட்காட்டி இருக்கும். எந்தத் தேதிக்கு யார் சாப்பாடு போடுகிறார் என்று அதில் எழுதியிருப்பார்கள். பிறந்தநாள், திருமண நாள், திதி, அமாவாசை. கொடுப்பவர் அன்னதானம் செய்கிறார். அன்னதானம் என்றால் சைவம். சைவம் என்றால் வடை, பாயாசம். ஒரே வாரத்தில் மூன்று நாள் பாயாசம் வரும், சர்க்கரை நோயாளிகள் உட்பட எல்லாருக்கும். யாரும் முன்பதிவு செய்யாத நாளில் தண்ணீர் சாம்பார் வரும்.

இந்த ஏற்பாட்டில் சாப்பிடுகிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படுவதில்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது கேள்வியாகவே இல்லை. கொடுப்பவருக்குப் புண்ணியம் சேரவேண்டும், அதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாயாக நம் ஆயாக்களும் தாத்தாக்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தவரோடு போட்டோ எடுத்துக்கொள்ளவும் வேண்டும். கைகூப்பச் சொன்னால் கைகூப்பவும் வேண்டும்.

நாங்களும் அன்று அதே வரிசையில்தான் நின்றோம் என்பதை மறைக்கவில்லை. பணம் கட்டினோம், பரிமாறினோம், இறந்தவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசினோம். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன பிடிக்கும் என்று பரிமாறிய பிறகுதான் கேட்டோம்.

"சைவம்" எப்போது பொதுவானது?

"எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னுதாங்க சைவம்" என்று நிர்வாகிகள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள். 100 பேரில் 3 பேருக்கும் குறைவானவர்களின் உணவு எப்படிப் "பொது" ஆனது?

நம் மொழியிலேயே அது ஆகியிருக்கிறது. சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அதற்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, பெருவாரியான மக்களின் உணவை "அசைவம்" என்று சொல்கிறோம். அதாவது, சைவம் அல்லாதது. உழைக்கும் மக்களின் சோற்றுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை, எதிர்மறைப் பெயர்தான். இலங்கைத் தமிழர்களிடம் "மரக்கறி" என்ற சொல் இருக்கிறது. அதில் தூய்மை, தீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. காய்கறிச் சாப்பாடு, அவ்வளவுதான்.

அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார் யார்?' என்ற ஆய்வில், தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சியோடு தொடர்புபடுத்திப் பேசுகிறார். எதை உண்கிறாய் என்பதை வைத்து நீ யார் என்று தரம் பிரிப்பது இந்த நாட்டில் பழைய வேலை. அந்த வேலை இன்னும் நிற்கவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்ததைப் பார்த்தோம். அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். 2022-இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, திருவிழா தள்ளிவைக்கப்பட்டது, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது.

ஐ.ஐ.டி. மாணவர்கள் அந்த அறிவிப்பைப் போட்டோ எடுத்துப் பரப்பினார்கள், நாடே பேசியது, அறிவிப்பு கிழிந்தது. ஆம்பூரில் கட்சிகள் குரல் கொடுத்தன. முதியோர் இல்லத்தில் இருக்கும் ஆயாவிடம் போன் இல்லை, கட்சி இல்லை, சங்கம் இல்லை. அங்கே அறிவிப்பு ஒட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. சமையல்கட்டு ஒன்றுதான், சாவி வேறு ஒருவரிடம்.

கறி மட்டும் இல்லை

இதை மாட்டுக்கறிப் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிடக்கூடாது என்று நினைக்கிறோம். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களிடமும் பேசினோம். "உங்க வீட்ல என்ன சாப்பிடுவீங்க?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு வந்த பதில்களில் கறி பாதிதான்.

ஒருவர் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் என்றார். ஒருவர் களியும் கீரைக்குழம்பும். ஒருவர் காலையில் இட்லியே இறங்காது, பழைய சோறும் பச்சை மிளகாயும்தான் என்றார். வயல் நண்டு இடித்த ரசம், நத்தைக் கறி, குடல் குழம்பு, சுவரொட்டி, ரத்தப் பொரியல், உப்புக்கண்டம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு தாத்தா, "காரமே போட மாட்றாங்க தம்பி, நாக்கு செத்துப்போச்சு" என்றார். ஒரு முஸ்லிம் பாட்டி, கறி போட்டாலும் ஹலால் இல்லையென்றால் தொடமாட்டேன் என்றார். ஒரு தலித் தாத்தா, தான் வள்ளலார் வழி, முப்பது வருடமாகக் கறி தொட்டதில்லை என்றார். அவர் தட்டில் யாராவது கறி வைத்தால் அதுவும் அநியாயம்தான்.

அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பேச்சில் நிமிர்ந்தார்கள். "நண்டை அப்படியா இடிப்பாங்க?" என்று ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். சாப்பிட்டபோது இல்லாத சத்தம் சாப்பாட்டைப் பற்றிப் பேசியபோது வந்தது. ஆண்டைக்குத் தெரியாமல் வயல் வரப்பில் பிடித்த நண்டு, கூலியாக வந்த கேழ்வரகு, மழைக்காலத்துக்கு என்று கூரையில் கட்டிவைத்த உப்புக்கண்டம் என்று எல்லாம் வெளியே வந்தது. மராத்வாடா தலித்துகளின் சமையலை சாகு பட்டோலே ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். நம் ஆயாக்களிடம் இருப்பதை எழுதிவைக்க நாம் இன்னும் உட்காரவில்லை. அவர்கள் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே போய்ச்சேர்ந்துவிடுவார்கள்.

உடம்பு என்ன கேட்கிறது?

"வயசான காலத்துல கறி எதுக்கு? செரிக்காது" என்பது அடுத்த வாதம். இதற்கு உணர்ச்சியில் பதில் சொல்லாமல் உடம்பை வைத்தே பதில் சொல்வோம்.

வயது ஏற ஏற நாக்கின் சுவையும் மூக்கின் வாசனையும் மங்கும். பசி குறையும். பிடிக்காத சோற்றை இளைஞர்கள் பசியில் சாப்பிட்டுவிடுவார்கள், முதியவர்கள் விட்டுவிடுவார்கள். விட்டால் எடை குறையும், தசை கரையும், நடை தள்ளாடும், விழுவார்கள். இல்லத்துப் பதிவேட்டில் "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று எழுதுவார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று எழுதும் கட்டம் அதில் இருக்காது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவர் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஆயாவுக்கு 40 கிராமுக்கு மேல் வேண்டும். மூன்று வேளையும் சோறும், பருப்பைத் தேடவேண்டிய சாம்பாரும் கொடுத்தால் அது எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. விலை ஒரு டீயைவிடக் குறைவு. பி12 சத்து இயற்கையில் பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் கிடைக்கிறது. எலும்போடு மெல்லும் நெத்திலியில் கால்சியம் இருக்கிறது. பல் இல்லாதவருக்குக் கொத்துக்கறி செய்யலாம், மீனை முள் எடுத்துப் பிசையலாம், எலும்பு சூப் வைக்கலாம். நம் வீடுகளில் பேறுகாலத்துக்கும் காய்ச்சலுக்கும் இதைத்தானே செய்கிறோம்?

ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குக் கருவாட்டின் உப்பு ஆகாது என்று மருத்துவர் சொன்னால், அதை ஆயாவிடம் சொல்லுங்கள். உப்பில்லாத மீன் கொடுங்கள். எப்போதாவது ஒரு துண்டு போதும் என்று அவரே முடிவெடுக்கட்டும். அவர் உடம்பு, அவர் முடிவு. மருத்துவர் ஒருவருக்குச் சொன்ன பத்தியத்தை நாற்பது பேருக்கும் சட்டமாக்குவதை மருத்துவம் என்று ஒத்துக்கொள்ள முடியாது.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அந்தச் சட்டம் "பராமரிப்பு" என்பதற்கு விளக்கம் தரும்போது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று உணவைத்தான் முதலில் வைக்கிறது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள், "அமைக்கவேண்டும்" என்று இல்லை. அரசு விட்ட அந்த இடத்தைத்தான் அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் நிரப்புகிறார்கள். இடத்தை நிரப்பியவரே தட்டையும் நிரப்புகிறார்.

வெளிநாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு நிதி பெறும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், அங்கே வசிப்பவரின் விருப்பத்துக்கு ஏற்ற உணவைத் தரவேண்டும். வைத்ததை வேண்டாம் என்றால் அதே அளவு சத்துள்ள மாற்று உணவு தரவேண்டும். மத, பண்பாட்டுத் தேவைகளும் வசிப்பவர்களின் கருத்தும் உணவுப் பட்டியலில் தெரியவேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளும் வசிப்பவரின் விருப்பத்தையும் மத, பண்பாட்டுப் பின்னணியையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது என்கிறோம்.

நமக்கும் பிடி இல்லாமல் இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. அந்த வழக்கில் நீதிபதி செலமேஸ்வர், என்ன சாப்பிடுவது என்று அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்ற பொருளில் தன் தீர்ப்பில் எழுதினார். அரசுக்கே இல்லாத அந்த அதிகாரம், அரசின் நிதி வாங்கி நடத்தும் இல்லத்துக்கு எங்கிருந்து வந்தது?

இதைச் செய்வது கடினம் என்றும் சொல்லமுடியாது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-இல் முட்டை சேர்க்கப்பட்டது. பின்னாளில், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகளில், லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, "உனக்கு இதுவா அதுவா" என்று கேட்டுக் கொடுக்க முடிந்த மாநிலம் இது. நாற்பது பேர் இருக்கும் இல்லத்தில் முடியாதா?

நமக்கும் சில வார்த்தைகள்

முதியோர் இல்லம் என்பது வசதி படைத்தவர்கள் பிரச்சினை, வெளிநாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100க்கு 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். சேரியில் இருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். 2023-இல் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை வைத்துக்கொண்டு தனியாக வாழமுடியாமல் வருகிறவர்கள்தான் இலவச இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஆயாக்கள்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு, அடுத்த வாரமே ஓர் இல்லத்து வாசலில் மாட்டுக்கறி விருந்து நடத்துவோம் என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். உள்ளே இருப்பவர்களிடம் கேட்காமல் நாம் கறி கொண்டுபோனால், கேட்காமல் பாயாசம் கொண்டுவந்தவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நாம் கோஷம் போட்டுவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் பதில் சொல்லவேண்டியவர் அந்த ஆயா. அவருக்குப் போக வேறு இடமில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன:

• பிறந்தநாள், நினைவுநாள் என்று இல்லங்களுக்குப் போகும்போது, பணம் கட்டுவதற்கு முன் "இங்கே இருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?" என்று கேளுங்கள். யார் பெயரையும் சொல்லாதீர்கள். பத்து நன்கொடையாளர்கள் கேட்டால் நிர்வாகம் யோசிக்கும்.

• உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அரசு நிதி பெறும் இல்லங்கள் எவை, அவற்றின் வாராந்திர உணவுப் பட்டியல் என்ன, முட்டை, மீன், இறைச்சி உண்டா, உணவு பற்றி வசிப்பவர்களிடம் கருத்துக் கேட்ட பதிவு உண்டா? கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

• சேர்க்கும்போதே ஒவ்வொருவரின் உணவுப் பழக்கத்தையும் எழுதிவைக்கவேண்டும். மாதம் ஒருமுறை வசிப்பவர்கள் கூடி உணவுப் பட்டியலைப் பேசவேண்டும். தினமும் முட்டை, வாரம் ஒருமுறையாவது மீனோ கறியோ, வேண்டாதவருக்குச் சமமான மாற்று, அவர்களுக்குத் தனிப் பாத்திரம். உறவினர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக்கூடாது. இவற்றை அரசு நிதிக்கும் அனுமதிக்கும் நிபந்தனையாக்கச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள்.

• சமூகப்பணி, ஊட்டச்சத்து, சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுங்கள். யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள், யார் மலம் அள்ளுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சமையல்கட்டின் சாதி அங்கே தெரியும்.

• உங்கள் வீட்டு ஆயாவிடமிருந்து தொடங்குங்கள். அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

மஹத்தில் 1927-இல் அண்ணல் தண்ணீரைக் கையில் அள்ளினார். அந்தக் குளத்து நீர் தாகத்துக்கு அவசியம் என்பதால் மட்டும் அவர் அங்கே போகவில்லை. எல்லாரும் எடுக்கும் இடத்தில் நாமும் எடுப்போம், யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதற்காகப் போனார். ஆயாவின் ஒரு கைப்பிடி நெத்திலியும் அந்தக் கணக்கில்தான் வரும். அவர் அதை எல்லார் முன்னாலும், தட்டில் வைத்து, சத்தமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடவேண்டும்.

மறுபடியும் அந்த இல்லத்துக்குப் போனோம். கருவாடு கொண்டுபோனோமா இல்லையா என்பதை இங்கே எழுதமாட்டோம். எழுதினால் பிரச்சினை வரும் நிலை இருக்கும்வரை எழுதமாட்டோம்.

ஜெய் பீம்.